இருமல் ஜட்ஜ்

அட்டைப்பெட்டி ஆலையின் லீவு கிளார்க் எவ்வளவு மருத்துவம் படித்தவர் என்று கேட்டால் சிரித்துவிடுவீர்கள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டியதோடு சரி. ஆனாலும் பதினெட்டு வருஷமாக அங்கே யாருக்கு என்ன நோய் என்று தீர்ப்பு சொல்கிற மகானுபாவர் அவர்தான். ஆட்கள் வைத்த பெயர் இருமல் ஜட்ஜ்.

லீவு வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் போன் செய்ய வேண்டும். முதல் கேள்வியே, "எங்க, இருமிக் காட்டு!" போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். கைரேகை வைக்க வரிசையில் நிற்கிற நாற்பது பேரும் கேட்க வேண்டும், பொய் இருமல் என்றால் மானம் கப்பலேற வேண்டும். அதில் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

சட்டமும் அவரே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, அதுவும் மெல்ல மெல்ல வந்தது என்றால் சாதாரண சளி, வேலைக்கு வா. நேற்று நன்றாக இருந்தவனுக்குத் திடீரென்று காய்ச்சல் கொதித்து, உடம்பை அடித்துப் போட்டதுபோல் வலித்தால் ஃப்ளூ. மூன்று நாள் லீவு. காய்ச்சல் இல்லாமல் கண் அரிப்பும் அடுக்குத் தும்மலும் என்றால் ஒவ்வாமை. முகத்தைக் கழுவிக்கொண்டு வா. குறை சொல்லக் கூடாது, பாதி சரிதான். மீதிப் பாதியைத்தான் ஐயா படிக்கவில்லை. ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ஃப்ளூக்காரன் எப்படி முனக வேண்டும் என்று சாப்பாட்டு அறையில் ஒத்திகையே நடந்தது.

லேபிள் ஒட்டுகிற அக்காவுக்கு நடிக்கத் தெரியாது. அவளுக்கு நிஜமாகவே ஆஸ்துமா. ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தாள்.

"நெஞ்சை இறுக்குது சார். மூச்சு விட்டா விசில் சத்தம் வருது."

"இருமல் எங்க?"

"இருமல் இல்ல சார், மூச்சுதான்..."

"இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல. உனக்கு வந்தது சோம்பேறித்தனம். வந்து சேரு."

வந்து சேர்ந்தாள். ஒரு கையில் இன்ஹேலர், மறு கையில் லேபிள். வேறென்ன செய்வாள், பாவம்!

மறுநாள் காலை அதே வரிசை, அதே போன். ஸ்பீக்கரில் கேட்டது அவர் மனைவியின் குரல்.

"என்னங்க... எனக்கு... ஒரு மாதிரி..."

"ரெண்டு வாரமா இதே பாட்டு. தூசி ஒத்துக்கல உனக்கு. எங்க, இருமு."

"இருமல்... இல்லங்க... வந்து..."

"அப்ப ஒண்ணுமில்ல. வெந்நீர் குடி."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லேபிள் அக்கா சிரிக்கவில்லை. ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"வச்சிடாதீங்க சார்! அம்மாவால ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியல, கேக்கலையா? மூச்சே கிடைக்காதவங்க எங்கேருந்து இருமுவாங்க? ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!"

அவர் சுவரைப் பார்த்தார். தான் எழுதிய சட்டத்தில் இது இல்லை. வீட்டு விலாசம் மட்டும்தான் வாயில் வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது வரிசையில் நின்ற ஆள். போனைப் பிடுங்கியது அக்கா. "அம்மா, படுக்காதீங்க. நிமிர்ந்து உக்காருங்க. கதவைத் திறந்து வைங்க. நீங்க பேச வேண்டாம், நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வாரமா..." என்றார் ஜட்ஜ். "சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

வியாழக்கிழமை காலை அவர் நாற்காலி காலி. போன் அடித்தது. அக்காதான் எடுத்தாள்.

"நான்தான் பேசறேன். அவ பிழைச்சிட்டா. எனக்கு லீவு வேணும்."

வரிசைக்குக் கொண்டாட்டம். "இருமிக் காட்டச் சொல்லுக்கா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பதினெட்டு வருஷக் கடன் அல்லவா!

"அன்னைக்கு உங்களை நான்..." என்றது போன். அந்த வாயில் "உங்களை" என்று ஒரு சொல் வந்ததை நாற்பது பேரும் கேட்டார்கள். "உங்களை... நான்..." அதற்குமேல் வரவில்லை. விசும்பல்தான் வந்தது.

அக்கா முதலில் ஸ்பீக்கரை அணைத்தாள்.

"ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியல உங்களால," என்றாள். "மூணு நாள் லீவு போட்டுட்டேன் சார்."