ஓர்ப்படியின் பச்சை வட்டங்கள்

ரொட்டிக் கடையில் வருஷக்கணக்காக மாவு பிசைந்தவள் மூத்தவள். அவள் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு, வந்த கையோடு அதே கடையிலும் சேர்ந்தவள் இளையவள். அடுப்புப் பொறுப்பாளர் வேலை காலியானதும் முதலாளி இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் போன்ல இந்தப் பாடத்தைப் படிங்க. அப்புறம் நானே கேள்வி கேப்பேன்."

அந்தப் பாடம் ஆளுக்கொரு விதமாக வந்தது. எது தெரிந்தால் எது புரியும் என்று வட்டமும் கோடுமாக ஒரு படம் உள்ளே இருந்தது. ஈஸ்ட் ஒரு வட்டம். அதிலிருந்து கோடு பிடித்து மாவு பொங்குவது, அடுப்புச் சூடு என்று போகும். சரியாகப் பதில் சொன்னால் வட்டம் பச்சையாகும். தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததை மட்டும் நடத்தும்.

இளையவள் போனில் பச்சை மளமளவென்று பரவியது. மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. "நேத்து வந்தவளுக்குக் குறுக்கு வழி, எனக்குச் சுத்து வழியா?" என்று புருஷனிடம் பொருமினாள்.

"நீயும் படி, யாரு வேண்டாங்கறா," என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் இளையவள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். சமையலறையில் சார்ஜில் கிடந்த அவள் போனில், படித்தது நினைவிருக்கிறதா என்று ஈஸ்ட்டைப் பற்றி ஒரு கேள்வி வந்து நின்றது. மூத்தவள் வேண்டுமென்றே தப்பான பதிலைத் தொட்டாள். ஒரு வட்டம் போகும் என்றுதான் நினைத்தாள். அதைப் பிடித்துத் தொங்கியவை அத்தனையும் சாம்பல் நிறமாயின. நெஞ்சு திக்கென்றது; உள்ளுக்குள் குளிர்ந்தும் போனது.

"அக்கா, இதைப் பாருங்க," என்றாள் இறங்கி வந்த இளையவள். "மறுபடி அரிச்சுவடிக்கே அனுப்பிடுச்சு."

"உன் மண்டை அவ்வளவுதான்னு கண்டுபிடிச்சிருக்கும்," என்றாள் மூத்தவள், பாத்திரத்தைத் தேய்த்தபடி.

இளையவள் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அடியிலிருந்து படித்தாள்.

கேள்வி கேட்கும் நாளில் முதலாளி ஒரு ரொட்டியை அறுத்து வைத்தார். மேலே கருகல், நடுவே களி. "என்ன செஞ்சிருக்கணும்?"

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கணும்," என்றாள் மூத்தவள் முந்திக்கொண்டு.

"கரியாயிடும்மா."

"சூடு ஜாஸ்தி சார்," என்றாள் இளையவள். "மேல்தோல் சீக்கிரம் இறுகிடுச்சு, உள்ள வேகலை. சூட்டைக் குறைச்சு, தட்டைக் கீழே வெச்சு, நிதானமா விடணும்."

"எங்க கத்துக்கிட்ட?"

"முன்ன குத்துமதிப்பா தட்டித் தாண்டிட்டேன் சார். அந்தப் பாடம் என்னைப் பின்னாடி தள்ளினதாலதான் ஒழுங்காப் படிச்சேன்."

வேலை இளையவளுக்குப் போயிற்று. தள்ளியது எந்தக் கை என்று மூத்தவளால் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

"கோவமா அக்கா?" என்றாள் இளையவள், வீடு திரும்பும் வழியில்.

"எனக்கென்ன கோவம்," என்று மூத்தவள் நடையை எட்டிப் போட்டாள்.