மழை வரும் என்று அக்காவிடம் சொன்னேன்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. காப்பித் தோட்டக்காரர்களுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது உரம் வைப்பது என்று கைப்பேசியில் செய்தி அனுப்புவோம். சக்லேஷ்புரம் பக்கம் என் அக்காவுக்கு ஐந்து ஏக்கர் ரோபஸ்டா காப்பி இருக்கிறது. அத்தான் இறந்தபின் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு மட்டும் நானே ஃபோனில் சொல்லிவிடுவேன்.

போன வருடம் பிப்ரவரிக் கடைசியில் அவளே கூப்பிட்டாள். மொட்டு முற்றிவிட்டது, ஸ்பிரிங்க்ளர் போடட்டுமா என்று கேட்டாள். அந்த நேரத்தில் செடி ஒருமுறை நன்றாக நனைந்தால்தான் மொட்டு விரியும். மூன்று வாரத்துக்குள் மறுபடி நனைந்தால்தான் பூ பிஞ்சாக நிற்கும். அவள் குளத்தில் இரண்டு தடவைக்குத்தான் தண்ணீர் இருந்தது. என் அலுவலகக் கணினித் திரை நான்கு நாளில் மழை என்றது. வாய்ப்பு என்னவோ பாதிக்குக் கொஞ்சம் மேலேதான்.

"நிச்சயமா வருமாடா?" என்றாள்.

"வரும்க்கா. தண்ணிய மிச்சம் பிடி. உரத்தையும் வெச்சிடு, மழையில கரைஞ்சிடும்."

சந்தேகமாகச் சொன்னால் விவசாயி குழம்பிப்போவார் என்று அலுவலகத்தில் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கம் அக்காவிடம் பேசும்போதும் வந்துவிட்டது.

வந்தது வெறும் தூறல். மொட்டுகள் உப்பி, விரியாமல் நின்றன. உரம் காய்ந்த மண்மேல் அப்படியே கிடந்தது. இன்னும் ஒரு வாரம் பார்க்கச் சொன்னேன். அதையும் கேட்டாள். அதற்குள் வெயிலில் பாதி மொட்டுகள் கருகின. பிறகு அவள் மோட்டார் போட்டதில் மீதி பூத்தது. இரண்டாம் தண்ணீருக்குள், அவள் கெரே என்று சொல்லும் அந்தக் குளம் வெயிலில் அடிவரை வற்றியிருந்தது.

"கெரேல தண்ணி முடிஞ்சுதுடா. மோட்டார் காத்தைத்தான் இழுக்குது," என்றாள். குரலில் கோபம் இல்லை.

ஜனவரியில் அறுவடைக்குப் போனேன். கொத்துக் கொத்தாக இருக்க வேண்டிய கிளைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழம். வழக்கமாக வரும் ஆட்களில் பாதிப் பேரை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நாங்களே பறித்தோம். இரண்டாம் நாள் மதியம் சாப்பிடும்போதுதான், அன்று திரையில் மழைக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல் வாய்ப்புதான் இருந்தது என்பதைச் சொன்னேன்.

அவள் கை சாதத்தில் நின்றது. "அன்னிக்கே சொல்லியிருந்தா நானே யோசிச்சிருப்பேன்ல?" என்றாள். பிறகு எனக்கு ரசம் ஊற்றினாள்.

பெங்களூருக்குத் திரும்பியதும், செய்தியில் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் போடலாமே என்று மேலதிகாரியிடம் கேட்டேன். அப்படிப் போட்டால் யாரும் நம்மை நம்ப மாட்டார்கள் என்றார். மறுபடி கேட்டேன். பார்க்கலாம் என்றார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பிப்ரவரியில் அக்காவின் அழைப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஒருநாள் காலை, ஆஃபீஸ் பஸ்ஸில் இருக்கும்போது ஒரு படம் அனுப்பினாள். தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்பிரிங்க்ளர் போட்டு ஒன்பது நாள் ஆயிற்று என்று எழுதியிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் தண்ணீர் எப்போது என்று மட்டும் அவள் என்னிடம் கேட்கவில்லை.