கால் பட்ட கடதாசிகள்

ஐஸ்லாந்திலிருந்து வந்த அந்த இசையமைப்பாளரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பதுகளின் நடுவில், மொன்றியலில், வாரத்தில் மூன்று நாள் அவருடைய வீட்டைக் கூட்டித் துடைத்தேன். அவர் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். மிச்ச நேரத்தில் தன் நாட்டு வாத்தியக் குழுவுக்காகப் பெரிய இசை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.

நான் அகதி. என் கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் கிடந்தார். ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு எப்போது வரும், யாரை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று தெரியாது. எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று ஒரு கடிதம் காட்டினால் என் வழக்கு நகரும், அவரைக் கூப்பிடலாம் என்றார் வழக்கறிஞர். சென்ட் லோரன்டில் நான் முன்பு வேலை செய்த தையல் பக்டரி முதலாளி, கடிதம் என்றதும் கையை விரித்துவிட்டான். இசையமைப்பாளர்தான் தருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை என்றார். மூன்று வெள்ளிக்கிழமை போயிற்று.

"வாயைக் குடுத்திராதகா. கடிதம் கைக்கு வரட்டும், மறுகா உன்ட கோபத்தைக் காட்டு" என்று, என்னோடு ஒரே அறையில் இருந்த மட்டக்களப்பு அக்கா படித்துப் படித்துச் சொன்னாள்.

பொறுத்தேன். ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டே, தானும் என்னைப் போலத்தான், தீவை விட்டு வந்தவன் என்றார். தகப்பன் ஒரு மீன்பிடி ஊரில் தேவாலயத்து ஓர்கன் வாசித்தவராம். இவர் இசை படிக்க டிக்கெட் வாங்கிக்கொண்டு புறப்பட்டாராம். என்னைப் போலவாம்! இவருடைய வீட்டை யார் கொளுத்தினார்கள்? அதையும் விழுங்கிக்கொண்டேன்.

விழுங்க முடியாதது அவர் வேலை செய்த விதம். இசை எழுதிய தாள்களுக்கு இலக்கம் போடமாட்டார். பியானோ அறைத் தரை முழுவதும் வரிசை வரிசையாகப் பரப்பி வைப்பார். முணுமுணுத்துக்கொண்டு அவற்றின் நடுவே சொக்ஸ் காலோடு நடப்பார். ஒரு தாள் அந்த இடத்தில் சரியில்லை என்று பட்டால் குனியவும் மாட்டார். கால் பெருவிரலால் அடுத்த வரிசைக்குத் தள்ளுவார். எழுத்தைக் காலால்! எங்கள் வீட்டில் புத்தகத்தில் கால் பட்டால், தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் அடுத்த அடி வைக்க விடமாட்டார்கள். நான் வாளியோடு வாசலில் நின்று பல்லைக் கடிப்பேன். சரசுவதியை உதைத்து உதைத்து என்ன பாட்டு எழுதுகிறான் இந்த மனிசன்?

நாலாவது வெள்ளிக்கிழமை காலை, விருந்தாளிகள் வருகிறார்கள், வீடு முழுக்கத் துடை என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அந்த அறையை நான் துடைத்ததில்லை. முழுக்க என்றால் முழுக்கத்தானே? ஒவ்வொரு தாளாக எடுத்துக் கண்ணில் ஒற்றி, பியானோவின் மேல் அடுக்கிவிட்டு, தரையைப் பளபளவென்று துடைத்தேன்.

பின்னேரம் வந்தவர் கத்தின கத்து! மூன்று மாத உழைப்பாம். அந்த வரிசை வேறெங்கும் எழுதிவைக்கப்படவில்லையாம். நான் நாசமாக்கிவிட்டேனாம். முகம் செத்தல் மிளகாயாகச் சிவந்துவிட்டது. கடிதமும் இல்லை, வேலையும் இல்லை, வெளியே போ என்று கதவைக் காட்டினார்.

லொட்ஜ் அறை கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பிறகு வந்த கோபம் அவருடையதைவிடப் பெரியது. "நில்லும் ஐயா!" என்று தமிழிலேயே கத்தினேன். "வரிசை குலையேல்லை. எனக்குத் தெரியும், நான் வைக்கிறன்!"

பக்டரியில் வெட்டின துணியை அடுக்கு மாறாமல் எடுத்துக் கொடுத்த கை இது. ஒரு துண்டு மாறினால் சட்டையின் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில் தாள்களையும் கதவடியிலிருந்து யன்னல்வரை வரிசையாகத்தான் எடுத்திருந்தேன். இப்போது அடுக்கின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, முன்பு கிடந்தபடியே வரிசைக்கு எட்டாக வைத்துக்கொண்டு போனேன். தொடாதே, தொடாதே என்று அவர் பின்னால் வந்தார். நான் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணில் ஒற்றின தாள்களை என் கையாலேயே மறுபடி தரையில் போட்டேன், அவர் மிதிப்பதற்கு. கண்ணீர் முட்டியது. கவலையில் இல்லை, ஆத்திரத்தில்.

அவர் முணுமுணுத்துக்கொண்டு முதல் வரிசையைக் கடந்தார். பிறகு இரண்டாவதை. கடைசி வரிசையில் நின்று தலையை ஆட்டினார். மன்னிப்பு? மூச்சும் இல்லை. மேசையடியில் உட்கார்ந்து கடிதத்தை எழுதி நீட்டினார்.

வீட்டில் அக்கா அதை வாசித்துத் தமிழில் சொன்னாள். "இவ சத்தம் போடாத ஆள். வீட்டில ஒரு பொருளையும் இடம் மாத்தமாட்டா." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடிதத்தைக் கீழே போட்டு, அவர் செய்வதைப் போலவே பெருவிரலால் தள்ளவேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் எழுத்தாயிற்றே. என் கணவரின் உயிரும் அதில்தானே இருந்தது. கண்ணில் ஒற்றி, சாமிப் படத்தடியில் வைத்தேன்.