பூரணி வீட்டுப் பெரட்டு

“போன மாசம் நீ எத்தன நாளு வேல பாத்த?”

பூரணி கேட்டது ஒரு பித்தளைச் சொம்பிடம். சிறிது நேரம் பார்த்தாள். சொம்பை இடப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு அடுத்திருந்த அரிக்கேன் விளக்கிடம் வந்தாள். “நீ தெனம் வர்றவன். உள்ள போ.”

லயத்து வாசலில் ஒரு சாக்கை விரித்து, வீட்டுச் சாமான் முழுவதையும் அதன்மேல் வரிசையாக நிறுத்தியிருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம் பார்த்து இது நடக்கிறது. விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பதைத் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் முன்னால் நிற்கிற பூரணி, அன்று தன் சாமான்களை நிற்கவைத்துப் பெரட்டு எடுக்கிறாள். வேலை செய்தது உள்ளே போகும். செய்யாதது இடப்பக்கம். இடப்பக்கம் போனதைப் பற்றி யாராவது கேட்டால், “பேரு வெட்டியாச்சு” என்பாள். அன்று மாலைக்குள் அது யார் வீட்டுக்காவது போய்விடும்.

இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைக்கு மேலே, காற்று ஓயாத ஒரு முகட்டில் இருக்கிறது அந்த லயம். ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஜன்னல் கிடையாது. மற்றக் காம்பராக்களில் சுவரே தெரியாது. தகரப்பெட்டி, அதன்மேல் மரப்பெட்டி, அதன்மேல் கம்பளி மூட்டை, என்றோ பிள்ளை கிடந்த தொட்டில், யாரோ கப்பலில் கொண்டுவந்த அம்மி. பூரணி தன் வீட்டைக் காட்டும்போது சுவரைத்தான் காட்டுவாள். “நாலு மூலையும் தெரியுது பாத்தீங்களா? இந்த லயத்துல வேற யாரு காம்பராவுக்காச்சும் நாலு மூல இருக்கான்னு கேட்டுப் பாருங்க.”

நாற்பதைத் தாண்டியவள். குள்ளம். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை மட்டும் பார்ப்பாள். நிறுக்கிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பேசும்போது ஒரு கை இடுப்புக்குப் போய்விடும். லயத்தில் அவளுக்குப் ‘பொம்பள கண்டாக்கு’ என்று பெயர். அதை அவள் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை. துணி மூட்டையோடு வரும் மஃறூப் நானா அவள் வாசலில் மட்டும் முடிச்சை அவிழ்ப்பதில்லை. ஒரு சேலை உள்ளே வந்தால் ஒரு சேலை வெளியே போக வேண்டும் என்ற அவள் சட்டம் அவருக்குத் தெரியும். “இது நமக்குத் தோதான வாசல் இல்ல தங்கச்சி” என்று சொல்லி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். சிரித்தாள்.

“மீனம்மா பொறக்கயில இந்தக் காம்பராவுல நான் காலு மடக்கித்தான் கெடந்தேன். அந்தப் பக்கம் மாமியா பெட்டி, இந்தப் பக்கம் வெறகு. மருத்துவச்சி நிக்க எடமில்ல. பெட்டி மேல ஏறிக் குந்திக்கிட்டுதான் புள்ளய வாங்குனா. பொறந்தது பொண்ணான்னு கேட்டேன். இருடி, மொதல்ல நான் எறங்கிக்கிறேன்னா.”

பிள்ளைக்கு மூன்று மாதமானபோது முதல் பெரட்டு நடந்தது. மாமியார் விட்டுப்போன பெரிய பித்தளை அண்டாவை மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொடுத்தாள். கணவன் ஆண்டியப்பன் இரண்டு நாள் பேசவில்லை. அந்த வருஷத் திருவிழாவில், அண்டாவில் சோறு பொங்கியபோது, பக்கத்தில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எங்கம்மா அண்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

தன் பொருளுக்கும் அவள் சலுகை காட்டவில்லை. அவளுடைய அம்மாவின் கொழுந்துக்கூடை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா போன பிறகு ஐந்து பெரட்டுகளில் அது தப்பியது. ஆறாவதில் அதைத் தானே சுமந்துகொண்டு போய், புதிதாகப் பேர் பதிந்த ஒரு பெண்ணின் முதுகில் மாட்டிவிட்டு வந்தாள். அந்தப் பெண் எதிர் நிரையில் கொழுந்தெடுத்தால் பூரணி தலை நிமிர்வதில்லை. வேறு நிரை கேட்டதும் இல்லை.

போன மாதம் மீனம்மாவைப் பெண் பார்க்க இறம்பொடையிலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. அந்தப் பையனை மீனம்மா ஒரு திருவிழாவில் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்திருந்தது. பூரணிக்கும் அது தெரியும்.

பெண் பார்க்க ஆள் வரும் நாளில் லயத்துப் பித்தளை முழுவதும் அந்த ஒரு காம்பராவுக்குள் போய்விடுவது வழக்கம். குடத்தின்மேல் குடம், சொம்பு, குத்துவிளக்கு, தாம்பாளம் என்று சுவரோரம் கூரைவரை அடுக்குவார்கள். சாயந்தரம் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஒருமுறை ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். பக்கத்துக் காம்பராக் காளியாயியின் வாய் நசுங்கிய குடம் புறவாசல் வழியாக ஓடி இரண்டு அடுக்கிலும் நின்றது.

மீனம்மாவை இதற்கு முன்னால் ஒருமுறை நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரு கூட்டம் வந்து பார்த்தது. பூரணி எதையும் இரவல் வாங்கவில்லை. வந்தவர்கள் வெறும் சுவரைப் பார்த்தார்கள், காப்பி ஆறுமுன் எழுந்தார்கள். “பொண்ணுக்குக் கொறையில்ல. வீடுதான் கழுவிவிட்ட மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் இந்த முறை ஆண்டியப்பன் கெஞ்சினான்.

“ஒரு நாளுக்குத்தான புள்ள. சாயந்தரமே குடுத்துருவோம்.”

“குடுத்துரலாம். நாளைக்கி மீனம்மாவோட மாமியா, உங்க வீட்டுக் கொடமெல்லாம் எங்கடின்னு கேப்பா. அதுக்கு நீங்க போயி பதில் சொல்லுவீங்களா?”

“கேக்கயில பாத்துக்குவோம்.”

“இப்பவே கேக்கட்டும்.”

காளியாயிக்கு மனசு கேட்கவில்லை. அன்று காலை சாக்கில் ஏழெட்டுப் பாத்திரத்தைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். “ஒன் ராங்கிக்குப் புள்ளய மூலையில குந்த வைக்காதடி பூரணி.”

“மூல இருக்குல்ல அக்கா, குந்த வைக்க” என்று பூரணி சாக்கின் வாயைக் கட்டி, காளியாயியின் தலையிலேயே தூக்கிவிட்டாள். மீனம்மா காய்ந்திருந்த தரையை இரண்டாவது முறையாகச் சாணி கரைத்து மெழுகினாள். அவள் தலை குனிந்தே இருந்தது. பூரணி அவளைப் பார்த்தாள். சாக்கு போன திசையையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

பதினொரு மணிக்கு மழையோடு வந்தார்கள். பதின்மூன்று பேர். இப்படிக் கூட்டம் வந்தால் மற்ற வீடுகளில் நாலு பேர்தான் உள்ளே உட்காருவார்கள். மற்றவர்கள் வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் நின்று நனைவார்கள். பையனின் தாய் நாகலெட்சுமி, நிலையைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். சுவர்களை வரிசையாகப் பார்த்தாள். ஒரு பெட்டி, ஒரு விளக்கு, மடித்துவைத்த கம்பளிகள், அடுப்படியில் ஆறு தட்டு.

“சாமானெல்லாம் எங்க?”

 ஆண்டியப்பன் கூரையைப் பார்த்தான்.

“இவ்வளவுதாங்க” என்றாள் பூரணி. கை இடுப்புக்குப் போயிருந்தது.

“அடகுல இருக்கா?”

“இல்லீங்க. வேல செய்யாததையெல்லாம் பேரு வெட்டிட்டேன்.”

யாரோ ஒரு ஆண் சிரித்து, அடக்கிக்கொண்டார். நாகலெட்சுமி சிரிக்கவில்லை. “உங்க மாமியா சாமானுமா?”

“அவங்க அண்டாவுலதாங்க இந்தத் தோட்டமே வருசா வருசம் சாப்புடுது. எங்கம்மா கொழுந்துக்கூட இப்பவும் மலைக்குப் போவுது. இங்க வெறுஞ்சொவருதான். உக்காருங்க.”

வெளியே மழை வலுத்தது. வேறு வழியில்லாமல் எல்லோரும் உள்ளே வந்தார்கள். பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். காலை நீட்டித்தான் உட்கார முடிகிற ஒரு கிழவர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டார். பதின்மூன்று பேர் உட்கார்ந்த பிறகும் நடுவில், மீனம்மா காப்பிக் கோப்பைகளோடு யார் காலையும் மிதிக்காமல் வந்துபோக வழி இருந்தது. நாகலெட்சுமி அந்த வழியைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்தாள். பாதிக் கோப்பையில் நிறுத்தினாள்.

“எங்க காம்பராவுல எங்க மாமனாரு கட்டிலு ஒன்னு கெடக்கு” என்றாள். “அவரு போயி ஒம்போது வருசமாச்சு. கட்டில்ல யாரும் படுக்குறதில்ல. நாங்க ஆறு பேரும் அதச் சுத்திப் படுத்துக்கிட்டிருக்கோம்.”

பக்கத்திலிருந்த அவள் கணவர் தொண்டையைச் செருமினார். “அது எங்கப்பா கட்டிலு.”

“நான் இல்லன்னா சொன்னேன்?”

மழைச் சத்தத்தை மீறிச் சிரிப்பு எழுந்தது. இந்த முறை நாகலெட்சுமியும் சிரித்தாள். மீனம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். கணவரைப் பார்த்து, “பைய எடுங்க” என்றாள்.

பையிலிருந்து ஒரு பித்தளைத் தட்டு வந்தது. புளி போட்டு விளக்கியது, விளிம்பில் பூவேலை. அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், ஒரு ரவிக்கைத்துணி வைத்து, நாகலெட்சுமி எழுந்து இரு கையாலும் பூரணியிடம் கொடுத்தாள். வாசலில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த காளியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தட்டும் இங்கயே இருக்கட்டும் சம்பந்தி. இந்த நாளு ஞாபகத்துக்கு.”

பூரணி தட்டை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். வெற்றிலையையும் பாக்கையும் மடியில் கட்டினாள். பழத்தையும் துணியையும் மகள் கையில் கொடுத்தாள். பிறகு முந்தானையால் தட்டின் உள்பக்கத்தைத் துடைத்தாள். புரட்டிப் பின்பக்கத்தையும் துடைத்தாள். இரு கையாலும் நாகலெட்சுமியிடமே நீட்டினாள். “இதுக்கு இங்க வேல இல்லீங்க சம்பந்தி.”