கடைசிச் சொட்டு

கோபம் வந்தால் எனக்குக் கைதான் முதலில் போகும். அன்றைக்கும் அப்படித்தான் போனது.

சம்பா அறுவடை நேரம். கும்பகோணம் சாலையில் உள்ள பெட்ரோல் பங்க்கில், டீசல் கேனோடு நின்ற அறுவடை மெஷின்காரர்களுக்கு நடுவே பைக்கை நுழைத்தேன். உட்கார்ந்தபடியே டேங்க்கைத் திறந்து, இருநூறு ரூபாயை நீட்டிவிட்டுப் போனைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஜீரோ காட்டாமலே போடுறியா? யார ஏமாத்துற?"

"சொன்னேன் சார். நீங்கதான் போன்லேருந்து நிமிரல" என்றார் பெட்ரோல் போடுகிறவர். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

எதிர்த்தா பேசுகிறான்? பளாரென்று அறைந்தேன்.

அவர் குழாயை விடவில்லை. கேட்ட அளவு முடியும்வரை பிடித்திருந்தார். பிறகு உதறி, கடைசிச் சொட்டையும் என் டேங்க்கில் விட்டுவிட்டு, குழாயை அதன் இடத்தில் மாட்டினார். டேங்க்கை மூடிச் சாவியை என் கையில் கொடுத்தார். அதற்கப்புறம்தான் அறைந்தார். காது அடைத்துக்கொண்டது, உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது.

ஒருவரும் குறுக்கே வரவில்லை.

"வண்டியத் தள்ளிக்குங்க சார்" என்றவர், பின்னால் நின்றவரிடம் திரும்பினார். "ஜீரோ பாத்துக்குங்க."

வாயைப் பொத்திக்கொண்டு நானும் பார்த்தேன். ஜீரோதான் இருந்தது.