கெபுவேலியின் முறை

லோசானாவுக்கு நாற்பத்தாறு வயது. மருத்துவமனைத் துணிகளைத் துவைத்து மடித்துக் கொடுப்பது வேலை. டோங்காவின் ஹாபாய்த் தீவுகளில் எங்களுடையது சிறியது. யார் வீட்டில் மீன் பொரிகிறது என்பது தெரு முழுக்கத் தெரியும். ஆனாலும் எட்டு மாதங்களாக அவள் மனைவியா விதவையா என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஏப்ரலில் அவள் கணவன் கெபுவேலி தனியாக மீன் பிடிக்கப் போனான். மறுநாள் பவளத்திட்டுக்கு வெளியே படகு கவிழ்ந்து மிதந்தது. ஒரு வாரம் ஊரே தேடியும் அவன் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு லோசானா கறுப்பு உடுத்தி ஆலயத்துக்குக் கிளம்பியபோது, அதே வீட்டில் இருக்கும் கெபுவேலியின் அக்கா தோக்கிலூப்பே வாசலிலேயே மறித்தாள்.

"யாருக்குடி கறுப்பு? என் தம்பிக்கா? கடவுள் அவன்கூட இருக்காரு, கூட்டிட்டு வருவாரு. உனக்கு நம்பிக்கை இல்லைன்னா உள்ள உக்காந்து அழு. ஊர் முன்னாடி அவனைச் சாகடிக்காத."

எங்களிடையே ஆணின் அக்கா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. போதகர்கூட வாயைத் திறக்க மாட்டார். லோசானா உள்ளே போய்ப் பூப்போட்ட உடைக்கு மாறினாள். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு வேளையில் கெபுவேலிக்கும் ஒரு தட்டு வைக்க வேண்டும். தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை அவனுக்குப் பிடிக்கும் என்று சொல்லலாம். பிடித்திருந்தது என்று வாய் தவறினால் தோக்கிலூப்பே பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவாள். ஆக்லாந்திலிருந்து மகள் போனில் அழுவாள்: "அப்பாவுக்கு ஒரு ஆராதனையாவது வைங்கம்மா." லோசானா மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுவாள்.

ஜனவரி முதல் வாரம் எங்களுக்கு ஜெப வாரம். விடியலிலும் மாலையிலும் கூடுவோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வீட்டார் முன்னால் நின்று பேசி, ஜெபித்து, பிறகு எல்லோருக்கும் தேநீர் கொடுக்க வேண்டும். வருடக் கடைசி ஞாயிறன்று அந்தப் பட்டியலை மூப்பர் பெனிசிமானி ஆலயத்தில் வாசித்தார். "திங்கள் விடியல், தலைப்பு: ஆண்டவர் என்றும் நம்மோடு. பேசுபவர், கெபுவேலி."

வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. சபை முன் வாசித்த பெயரைத் திரும்ப எடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. பெயருக்குரியவர் வராவிட்டால் அவர் வீட்டில் ஒருவர் நின்றாக வேண்டும். முதல் வரிசையிலிருந்து தோக்கிலூப்பே மட்டும் உரக்க "ஆமென்" சொன்னாள். தம்பி வருவான் என்பதற்குப் பட்டியலே அவளுக்கு அடையாளமாகிவிட்டது.

மதியம் பெனிசிமானி வந்து பாயில் தலைகுனிந்து உட்கார்ந்தார்.

"போன வருஷத் தாளைப் பாத்து எழுதிட்டேன் லோசானா. கண்ணாடி போடல. காலையிலேர்ந்து என் பொண்டாட்டி என்கூடப் பேசல."

"அதுல உங்களுக்கு லாபம்தான் மூப்பரே."

சிரித்துவிட்டார், சிரித்ததற்காக முகத்தைச் சுருக்கிக்கொண்டார். "நீ ஒரு பாட்டு மட்டும் எடுத்துக் குடு. ஜெபத்தை நான் பாத்துக்கறேன்."

உள்ளேயிருந்து தோக்கிலூப்பே குரல் கொடுத்தாள். "வேணாம். என் தம்பி வீட்டு முறை, அவதான் பேசுவா. அவன் எங்க இருந்தாலும் கடவுள் கூட இருக்காரு, இந்த வருஷம் வந்துருவான்னு சொல்லுவா."

"தேநீரோட குடுக்க மாவுருண்டை பொரிக்கணும். ஞாயித்துக்கிழமை கடையும் இல்ல" என்றாள் லோசானா.

"எங்க வீட்டு மாவைக் கொண்டாறேன். என் பொண்டாட்டிதான் பேசலியே, அவளைக் கேக்க வேண்டியதும் இல்ல" என்றார் பெனிசிமானி.

வெளியே வந்ததும் லோசானா அவரை நிறுத்தினாள். "மூப்பரே, கடவுள் எப்பவும் கூட இருக்காருதானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"எனக்குச் சந்தேகமே இல்ல. அதான் கஷ்டம். அப்ப அன்னிக்கும் இருந்தாரு. பாத்துக்கிட்டுதான் இருந்திருக்காரு."

பெனிசிமானி மரியாதைக்காக இடுப்பில் சுற்றியிருந்த பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கெபுவேலி வருவான் என்று சொன்னால், எல்லாவற்றையும் பார்த்தவரிடமே பொய் சொல்வதாகும். வரமாட்டான் என்றாலோ நாத்தனாரை ஊர் முன் எதிர்த்ததாகும். அதன் பிறகு அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பாள்? நழுவிப் போக வழியில்லை. அந்தத் தீவில் ஒளிந்துகொள்ள இடமும் இல்லை.

திங்கள் விடியலில் ஆலயத்து மரமுரசு ஒலித்தது. இருட்டிலேயே புழுக்கம். லோசானா பூப்போட்ட உடையில் முன்னால் போய் நின்றாள். வாய் திறக்கவில்லை. யாரோ இரக்கப்பட்டு ஒரு பாட்டை எடுத்தார்கள். அத்தனை சரணமும் பாடி முடித்தோம். அப்போதும் அப்படியே நின்றாள். பிறகு கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, எனக்குப் பேச வராது. உங்க மேல கோபமா இருக்கேன். அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்க. நான் இல்ல. அண்ணியும் இல்ல. படகு கவுந்தப்போ அவர் யாரைக் கூப்பிட்டாருன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஏன் தூக்கிவிடலன்னு எட்டு மாசமாக் கேக்கறேன், நீங்க சொல்லல. ஆனா அவர் தனியாச் சாகல. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்த வருஷத்துக்குள்ள போறேன். இங்கயும் இருங்க. எனக்குப் போக வேற இடமில்ல."

எல்லோர் கண்ணும் முதல் வரிசைக்குப் போயிற்று. தோக்கிலூப்பே ஆமென் சொல்லாததால் எங்களுக்கும் நாக்கு எழவில்லை. கடைசியில் பெனிசிமானிதான் மெல்லச் சொன்னார்.

தேநீர் வேளையில் அவர் மனைவி ஒரு மாவுருண்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாளுக்குப் பின் முதல் முறையாக அவரிடம் பேசினாள். "இது நம்ம வீட்டு மாவு." யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. தோக்கிலூப்பே எதையும் தொடாமல் வெளியேறினாள். லோசானா பாத்திரங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

தோக்கிலூப்பே வேகமாக நடந்தாள். பாதி வழியில் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஏப்ரல்ல தண்ணி குளிருமா?"

"இல்ல அண்ணி. வெதுவெதுப்பாத்தான் இருக்கும்."

"பவளத்திட்டுக்கு வெளியிலயும்?"

"வெளியிலயும்தான்."

தலையாட்டினாள். பிறகு நடுத்தெருவில், ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். லோசானாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆலயத்திலிருந்து வந்துகொண்டிருந்த நாங்கள் அவர்களைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்றோம்.