நான் படித்துச் சொன்ன வாரண்ட்

இந்த நாட்டில் யாரையெல்லாம் பிடிக்கப் போகிறோம் என்பதை நீதிமன்றக் கதவிலேயே எழுதி ஒட்டி வைத்துவிடுகிறார்கள். என் மகன் டாக்டராக வேலை பார்க்கும் இந்தச் சிற்றூர் ஒரு கவுண்டியின் தலைமையிடம். கவுண்டி என்றால் நம் தாலுகாவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மக்காச்சோளக் காடு, நடுவில் ஒரே ஒரு கடைத்தெரு, அதன் முனையில் செங்கல் கட்டடத்தில் கோர்ட்டு. சென்ற மாதம் மகன் தன் காரின் நம்பர் தகட்டைப் புதுப்பிக்கப் போனபோது நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கதவின் உள்பக்கத்தில், காணாமல் போன நாயின் படத்துக்குப் பக்கத்தில், தட்டச்சு செய்த ஒரு தாள் தொங்கியது. மேலே 'வாரண்டுகள்' என்று தலைப்பு. கீழே பெயர், வயது, ஊர், காரணம். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் காப்பி குடித்தபடியே அந்தத் தாளில் விரலை ஓட்டிப் படித்தார். "என் மைத்துனன் பேர் இன்னும் இருக்கிறது, சோம்பேறி" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்றும் தெரியவில்லை.

நம் ஊர்க் கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வாரண்டுப் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுவது என் வேலைகளில் ஒன்று. அதைக் கட்சிக்காரன் எட்டிப் பார்த்தாலே அதட்டியிருக்கிறேன். வெளியே புளியமரத்தடியில் காத்திருந்தவர்களுக்குத் தங்கள் பேரில் என்ன இருக்கிறது என்று போலீஸ் வந்து தோளைத் தொடும்வரை தெரியாது. அதுதான் முறை என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கோர்ட்டின் உள்ளே மேஜைக்குப் பின்னால் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாள் இருந்தார். "இந்தப் பட்டியலுக்கு முந்தைய ஏடுகளையும் யாரும் பார்க்கலாமா?" என்று கேட்டேன். என் இங்கிலீஷ் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்து, என் பேரில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீர்கள். எஃப்.டி.ஏ. என்ற எழுத்து இருந்தால் சொன்ன தேதிக்கு வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். சாட்சிகளுக்குக்கூட வரும். வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். வாரண்ட் என்றாலே ஜெயில் இல்லை" என்றார். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிஷப் பேச்சைத்தான் நாற்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு மனிதருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் ஊர். சூரமங்கலத்தில் ரயில்வே வேலையிலிருந்த சித்தப்பா வீட்டில் தங்கி, சேலத்தில் பள்ளி இறுதி வகுப்பு தேறி ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் ஊரில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். எதிர்வீட்டில் செங்கோடண்ணனும் அவர் மனைவி பாவாயக்காவும் இருந்தார்கள். கல்யாணமாகி மூன்று வருஷம். அந்த வருஷம் சந்தையில் ஒரு காளை பேரத்தில் இரண்டு பேர் அடித்துக்கொண்டதில் ஒருவன் மண்டை உடைந்தது. பக்கத்தில் நின்ற செங்கோடண்ணனைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டுச் சம்மன் வந்தது. இருவரும் தெரிந்தவர்கள், யாருக்கு எதிராகச் சொன்னாலும் பகை. கடலைக்காய் பறிக்கிற நாள் வேறு. அவர் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து, ஊர் மணியக்காரரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். ஆளைப் பிடித்து வையுங்கள், நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் மணியக்காரர்தான் ஊரில் அரசாங்கம். ஆனால் அவருக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். சாவடியில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்க, என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"படிச்ச புள்ள நீ. இது என்னன்னு பாரு சாமி."

அச்சடித்த தாள். இடையிடையே கையால் நிரப்பியிருந்தார்கள். வாரண்ட், பிடித்து ஆஜர் செய்யவும் என்ற அச்செழுத்துகள் புரிந்தன. பெயர் புரிந்தது. கீழே நான்கு வரி, நூலைச் சிக்கலாக்கிப் போட்டதுபோலக் கோர்ட்டுக் கையெழுத்து. அது எனக்குப் படிக்கவே வரவில்லை. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புடிச்சுக் கொண்டாரச் சொல்லி உத்தரவுங்க" என்றேன்.

"சாட்சிக்குப் போவாததுக்கா புடிக்கறாங்க?" என்று கேட்டார் மணியக்காரர். இங்கிலீஷ் தெரியாத அந்த மனிதர் சரியாகத்தான் கேட்டார்.

"இல்லீங்க. சாட்சிக்குச் சம்மன்தானுங்க வரும். வாரண்டு குத்தவாளிக்குத்தானுங்க. அடிதடியில இவரையும் சேத்திருக்காங்க."

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். படிப்புக்கு இழுக்கு என்று தோன்றியது. கூட்டத்தில் யாரோ, "எத்தன நாளைக்கு உள்ள போடுவாங்க?" என்றார். அந்தத் தாளில் நாள் கணக்கு எதுவும் இல்லை. "ஆறு மாசத்துக்குக் கொறையாதுங்க" என்றேன். எங்கிருந்து அந்த ஆறு வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஜெயில் சோறு நல்லா இருக்குமாம் செங்கோடா, ஒடம்பு தேறி வருவே" என்று ஒருவர் கேலி செய்தார். சிலர் சிரித்தார்கள். செங்கோடண்ணன் என்னைப் பார்த்து, "நெசமாவா தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். மணியக்காரர் நல்லவர். காகிதத்தை மடித்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில இங்க வந்துரு" என்றார். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஓடிப்போ என்று அதற்கு அர்த்தம். அன்று மத்தியானம் ஊரே காட்டில் இருந்தபோது செங்கோடண்ணன் சங்ககிரி ரயிலடிக்கு நடந்துவிட்டார். அங்கிருந்து நாகப்பட்டினம். அங்கே ஒரு கங்காணி பிடித்துக் கப்பலேற்றி, மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் சேர்த்தான்.

அடுத்த வருஷம் எனக்கு அந்த வாரண்டை அனுப்பிய அதே கோர்ட்டில் நகல் எழுதும் வேலை கிடைத்தது. முதல் வாரத்திலேயே வாரண்டுப் பதிவேடு கைக்கு வந்தது. இப்போது அந்தக் கையெழுத்து எனக்கு நன்றாகப் படிக்க வந்தது. செங்கோடண்ணன் பெயர் இருந்தது. எதிரே 'சாட்சி' என்றிருந்தது. ஒருவர் ஜாமீன் கொடுத்தால் அங்கேயே விட்டுவிடலாம் என்ற குறிப்பும் இருந்தது. நான் படிக்க முடியாத அந்த நான்கு வரி அதுதான். மணியக்காரரே ஜாமீன் நின்றிருப்பார். கடைசிக் கட்டத்தில், வழக்கு முடிந்தது, வாரண்ட் திரும்பப் பெறப்பட்டது என்று எழுதியிருந்தது. அவர் கப்பலேறி மூன்றாம் மாதம். பதிவேட்டை மூடவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் காய்ச்சலா என்று கேட்டார்.

இதுவரை நடந்தது அறியாமை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவாயக்கா ஒரு கடிதத்தோடு வந்தார். தோட்டத்திலிருந்த யாரோ எழுதிக்கொடுத்தது. நலம் விசாரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: வாரண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா, ஊருக்கு வரலாமா?

"நீதான் கோர்ட்டுலயே இருக்கறயே சாமி. பாத்துச் சொல்லு. வரச் சொல்லலாமா?"

வரச் சொன்னால் வருவார். வந்தால் மணியக்காரரிடம் போவார், கோர்ட்டுக்கும் போவார். அன்றைக்குச் சாவடியில் நான் உளறியது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். எனக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம். நான் ஒரு தபால் கார்டை எடுத்து எழுதினேன்: 'வாரண்ட் இருக்கிறது. இப்போது வரவேண்டாம்.' எழுதியதைப் படித்தும் காட்டினேன். அக்கா கார்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஒடம்பப் பாத்துக்கச் சொல்லி ஒரு வரி போடு சாமி" என்றார். அதையும் போட்டேன். அந்த ஒரு வரிதான் உண்மை.

அடுத்தடுத்த வருஷங்களில் இன்னும் இரண்டு கடிதங்கள் வந்தன. அதே கேள்வி. அதே பதில். பிறகு யுத்தம் வந்து தபால் நின்றது. யுத்தம் முடிந்து அந்தத் தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவர், ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஓட்டிக்கொண்டு போன கூட்டத்தில் செங்கோடண்ணனும் போனார், அந்தக் கூட்டத்தில் யாரும் திரும்பவில்லை என்று சொன்னார். அதைக் கேட்ட மறுநாள் பாவாயக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அழுது முடித்த முகம்.

"ஒண்ணு கேக்கறேன் சாமி. அந்த வாரண்டு இப்பவாச்சும் செத்துருச்சா?"

"செத்துருச்சுங்க அக்கா."

"அவருக்கு முன்னால செத்துச்சா, பின்னால செத்துச்சா?"

இப்படி ஒரு கேள்வியை எந்த வக்கீலும் எந்தச் சாட்சியிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. "பின்னாலதானுங்க" என்றேன்.

"அப்பச் சரி. வந்திருந்தாலும் புடிச்சுட்டுத்தான் போயிருப்பாங்க" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அந்தப் பொய்யில் அவர் ஏதோ ஓர் ஆறுதலை எடுத்துக்கொண்டு போனார் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். ஆறுதல் எனக்குத்தான்.

என் மகன் இங்கே வந்து எட்டு வருஷம், நான் வந்து மூன்று. எனக்கு விசா கிடைத்தது, விமானத்தில் மெத்தை இருக்கை கிடைத்தது, விமான நிலையத்தில் என் பேரில் ஒன்றும் இல்லை என்று பார்த்து முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். கடல் கடந்து வந்த உங்களில் பலருக்கும் ஊருக்குத் திரும்ப முடியாததற்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அது யார் வாயிலிருந்து உங்களுக்கு வந்தது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

கவுண்டி கோர்ட்டில், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாள் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். "எந்தப் பெயர்?" என்று கேட்டார். என் பெயரைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் அவர் நீட்டிய துண்டுத்தாளில் செங்கோடன் என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவர் பெயர் அட்டைகள் அடுக்கிய பெட்டிகளை இழுத்து ஒவ்வோர் அட்டையாகத் தள்ளித் தேடினார். எழுத்துக் கூட்டல் மாறியிருக்கலாம் என்று இன்னொரு பெட்டியிலும் தேடினார். நம் ஊரில் எந்தக் குமாஸ்தாவும், நானும்தான், ஒரு குடியானவனுக்காக அப்படித் தேடியதில்லை.

"ஒன்றும் இல்லை" என்றார். "உங்களுக்கு வேண்டியவரா?"

"எதிர்வீட்டுக்காரர்."

"தைரியமாக வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயதானவருக்குக் காதில் விழவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தத் துண்டுத்தாளிலேயே, இந்தப் பெயரில் வாரண்ட் எதுவும் இல்லை என்று ஒரு வரி தட்டச்சு செய்து, கவுண்டி முத்திரையும் குத்திக் கொடுத்தார். வெளியே மகன் காரில் காத்திருந்தான். என்ன காகிதம் என்று கேட்டான். நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவனும் தெரிந்துகொள்வான்.

பாவாயக்கா இன்னும் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, நடக்கிறார் என்று ஊரிலிருந்து எழுதுகிறார்கள். அந்தத் தாளை உறையில் போட்டு அவர் பெயரை எழுதி வைத்து மூன்று வாரமாகிறது. அதோடு நடந்ததையெல்லாம் தமிழில் எழுதிய கடிதமும் இருக்கிறது. நாளைக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன். உறை போய்ச் சேரும் நாளில் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, படித்த பிள்ளை யாராவது தெருவில் வருகிறதா என்று பார்த்து நிற்பார். நான் இங்கே இருப்பேன்.